முகவரி தவறிய தீவு

உங்கள் பள்ளி நூலகத்தில் நல்ல நிலப்படநூல் ஒன்று இருந்தால் அதை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நன்னம்பிக்கை முனையின் மீது விரலை வைத்து, அங்கிருந்து தெற்காகவும் சற்று மேற்காகவும் நகர்த்துங்கள். கடல், கடல், மேலும் கடல். 54 பாகை தென் அட்சரேகையும் 3 பாகை கிழக்குத் தீர்க்கரேகையும் சந்திக்கும் இடத்தருகே ஓர் ஊசிமுனைப் புள்ளி தென்படலாம். பல படங்களில் அந்தப் புள்ளியும் இராது. அதுதான் பூவே தீவு.

உலகிலேயே தனிமையான தீவு என்று இதைச் சொல்கிறார்கள். சுற்றிலும் 1,600 கிலோ மீட்டருக்குள் வேறு நிலமே கிடையாது. தெற்கே அண்டார்டிகாவின் கரை சுமார் 1,700 கிலோ மீட்டர். வடகிழக்கே கேப் டவுன் நகரம் சுமார் 2,500 கிலோ மீட்டர். மனிதர்கள் குடியிருக்கும் மிக அருகிலுள்ள இடமாகிய டிரிஸ்டன் ட குன்யா தீவுக்கே 2,200 கிலோ மீட்டருக்கு மேல் கடல் கடக்க வேண்டும். பூவே தீவின் பரப்பு 49 சதுர கிலோ மீட்டர். அதில் நூற்றுக்கு 93 பங்கு பனியால் மூடப்பட்டது. மரம் இல்லை, புதர் இல்லை, துறைமுகம் இல்லை, குடியிருப்பவர் ஒருவரும் இல்லை.

இத்தகைய தீவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்தத் தீவு 1739இல் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு தொலைந்துபோனது! அது இருக்குமிடம் ஐயமின்றி உறுதியானது 1898இல்தான். இடைப்பட்ட 159 ஆண்டுகளில் உலகின் தலைசிறந்த மாலுமிகள் தேடியும் அது சிக்கவில்லை. கடலில் மிதந்து திரியும் பொருளா, தொலைந்துபோக? எரிமலைப் பாறையால் ஆன தீவு எப்படித் தொலையும்? இதற்கு விடை தேடினால், பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே அது கிடைத்துவிடுகிறது.

பனிமூட்டத்தில் ஒரு முனை

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாலுமி ழான் பாப்டிஸ்ட் சார்லஸ் பூவே த லோசியே. தெற்கே ஒரு பெரிய கண்டம் இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடித்தால் கம்பெனியின் கப்பல்கள் இளைப்பாற ஓர் இடம் கிடைக்கும் என்பது அவருடைய எண்ணம். இரண்டு கப்பல்களுடன் 1738இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார். பிரேசில் கரையைத் தொட்டுவிட்டுத் தென்கிழக்காகச் சென்றார். 1739 சனவரி முதல் நாள் பனிமூட்டத்தின் நடுவே உயரமான, பனி போர்த்திய நிலம் ஒன்று தெரிந்தது. அதைத் தென்கண்டத்தின் ஒரு முனை என்றே கருதி, அன்றைய கிறித்துவத் திருநாளின் பெயரைச் சூட்டினார். பல நாட்கள் சுற்றிச் சுற்றி வந்தும் மூட்டமும் பனிக்கட்டிகளும் அவரை நெருங்க விடவில்லை. அது கண்டமா, தீவா என்பதுகூடத் தெரியாமலே திரும்பினார். திரும்பும்போது அந்த முனையின் இடத்தைக் குறித்துக்கொண்டார்: 54 பாகை தெற்கு, ஏறத்தாழ 11 பாகை 20 கலை கிழக்கு.

முதல் எண் சரி. இரண்டாவது எண் தவறு. உண்மையான தீர்க்கரேகை 3 பாகை 22 கலை. கிட்டத்தட்ட 8 பாகைப் பிழை!

(இந்தப் பூவேக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1748இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, ஆங்கிலக் கப்பற்படைக்குத் தப்பி, படைவீரர்களையும் வெள்ளியையும் சென்னையில் கொண்டுவந்து இறக்கியவர் இவர்தான். நம் கரைக்கு வழி தவறாமல் வந்து சேர்ந்திருக்கிறார்!)

ஒரே மனிதர், ஒரே கப்பல், ஒரே நாள். அட்சரேகை சரியாகவும் தீர்க்கரேகை தவறாகவும் போவானேன்?

அட்சரேகையை வானம் சொல்லிவிடும். புத்தாண்டையொட்டிய நாட்களில் சூரியன் 23 பாகை தென் அட்சரேகைக்கு நேர் மேலே நிற்கிறது. நீங்கள் அதற்கும் தெற்கே கப்பலில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நண்பகலில் சூரியன் தலையுச்சியிலிருந்து 31 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. அப்படியானால் நீங்கள் இருப்பது 23 + 31 = 54 பாகை தெற்கில். கோணம் அளக்க ஒரு கருவி, நாட்காட்டி, மேகமில்லாத ஒரு நண்பகல், இவ்வளவு போதும்.

தீர்க்கரேகை அப்படியல்ல. பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருப்பதால், கிழக்கு மேற்காக ஒரே அட்சரேகையில் உள்ள எல்லா ஊர்களும் ஒரு நாளில் ஒரே வானத்தைத்தான் காண்கின்றன. முன்னே பின்னே காண்கின்றன, அவ்வளவுதான். அந்த முன்பின்தான் தீர்க்கரேகை. 24 மணியில் 360 பாகை. ஒரு மணிக்கு 15 பாகை. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. கப்பலில் நண்பகல் ஆகும்போது, புறப்பட்ட ஊரில் மணி என்ன என்று தெரிந்தால் வேலை முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. ஆடும் கப்பலில், ஈரத்திலும் குளிரிலும் வெயிலிலும், மாதக்கணக்கில் சரியாக ஓடும் கடிகாரம் 1739இல் எந்தக் கப்பலிலும் இல்லை.

பின் மாலுமிகள் என்ன செய்தார்கள்? கயிற்றில் கட்டிய கட்டையைக் கடலில் எறிவார்கள். சிறிய மணற்கடிகை ஒன்று காலியாவதற்குள் கயிற்றிலுள்ள முடிச்சுகள் எத்தனை கையை விட்டு நழுவின என்று எண்ணுவார்கள். அதுதான் வேகம். (கப்பலின் வேகத்தை இன்றும் 'முடிச்சு' என்ற பொருளுள்ள 'நாட்' என்ற அலகில் சொல்வது இதனால்தான்.) வேகத்தையும் நேரத்தையும் பெருக்கித் தூரம், திசைகாட்டியைப் பார்த்துத் திசை, நாள்தோறும் படத்தில் ஒரு புள்ளி. கப்பலுக்கு அடியில் கடலே நகர்ந்துகொண்டிருந்தால் கட்டை அதைச் சொல்லாது. நேற்றைய பிழையின் மீது இன்றைய பிழை ஏறும். போதாததற்கு, புறப்பட்ட துறைமுகத்தின் தீர்க்கரேகையே சரியாகத் தெரியாத காலம் அது.

ஒரு நிமிடம் எவ்வளவு நீளம்?

இப்போது பென்சிலை எடுங்கள். நிலநடுக்கோட்டில் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோ மீட்டர். அங்குள்ள ஒரு புள்ளி மணிக்கு 1,670 கிலோ மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. 54 பாகை அட்சரேகையில் வட்டம் சிறியது. அதன் ஆரம் 54 பாகையின் கொசைன் அளவுக்குக் குறையும். கொசைன் 54 = 0.588. ஆகவே வேகம் மணிக்கு 980 கிலோ மீட்டர். அதாவது நிமிடத்துக்கு 16 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம்.

பூவே தீவின் நீளம் 10 கிலோ மீட்டரைத் தாண்டாது. கடிகாரம் ஒரே ஒரு நிமிடம் பிசகினால் உங்கள் கணக்கு தீவை விட்டே விலகிவிடுகிறது. என் கைக்கடிகாரம் நாளொன்றுக்கு அரை நிமிடம் பிந்துவது. அதைக் கையில் கட்டிக்கொண்டு நான் மூன்று மாதம் கடற்பயணம் செய்தால் 45 நிமிடம் பிந்தியிருக்கும். பூவே தீவை 700 கிலோ மீட்டருக்கும் அப்பால் தேடிக்கொண்டிருப்பேன்! பூவேயின் 8 பாகைப் பிழை 32 நிமிடத்துக்குச் சமம். தூரத்தில் 520 கிலோ மீட்டர். கடிகாரமே இல்லாதவர் கடிகாரம் வைத்திருக்கும் என்னைவிட நன்றாகத்தான் கணக்கிட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடற்பயணத்துக்கு ஏற்ற கடிகாரத்தை இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் செய்து காட்டினார். அவருடைய நான்காவது கருவி 1761-62இல் ஜமைக்காவுக்குச் சென்ற சோதனைப் பயணத்தில் 81 நாட்களில் சுமார் 5 வினாடிதான் பிசகியது. அதைப் பார்த்து லார்கம் கெண்டால் செய்த நகல் ஒன்றை ஜேம்ஸ் குக் தம் இரண்டாம் பயணத்தில் (1772-75) கொண்டு சென்றார்.

குக்குக்கு இட்ட கட்டளைகளுள் ஒன்று பூவே கண்ட நிலத்தைத் தேடுவது. 1773 சனவரித் தொடக்கத்தில் அந்தத் தீர்க்கரேகையைக் கடந்தார். ஆனால் காற்று அவரை வெகு தெற்கே தள்ளியிருந்தது. நிலம் எதுவும் இல்லை. மீண்டும் 1775 பிப்ரவரியில், ஊர் திரும்பும் வழியில், பூவே சொன்ன அதே அட்சரேகையிலேயே கிழக்கு நோக்கி 13 பாகைத் தீர்க்கரேகை தூரம் ஓடிப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் இல்லை. பூவே பார்த்தது பெரிய பனிமலையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் சிரிப்பும் இரக்கமும் ஒன்றாக வரும். குக்கின் கடிகாரம் அருமையானது. தாம் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு மிக நன்றாகத் தெரியும். அந்தக் கடிகாரம் அவரைத் துல்லியமாகத் தவறான இடத்துக்கு அழைத்துச் சென்றது! தீவோ, அவர் தேடிய நீர்ப்பரப்புக்கு மேற்கே, மூட்டத்தைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. முகவரியில் கதவு எண் தவறாக இருக்கும்போது, தபால்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தென்ன?

ஒரு தீவா, மூன்றா?

1808இல் ஸ்வான் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர் ஜேம்ஸ் லிண்ட்சே ஒரு தீவைக் கண்டார். இறங்க முடியவில்லை. 1825இல் ஜார்ஜ் நாரிஸ் என்ற மற்றொரு வேட்டைக் கப்பல் தலைவர் ஒரு தீவைக் கண்டு அதற்கு லிவர்பூல் தீவு என்று பெயரிட்டார். வடகிழக்கே சுமார் 70 கிலோ மீட்டரில் தாம்சன் தீவு என்று இன்னொன்றையும் கண்டதாக எழுதினார். ஒவ்வொருவர் சொன்ன இடமும் வெவ்வேறு. ஆகவே அந்தக் கடலில் ஒரு தீவு இருக்கிறதா, பல தீவுகளா, அல்லது ஒன்றுமே இல்லையா என்ற குழப்பம் பிறந்தது. 1843இல் தென்துருவப் பயணத்திலிருந்து திரும்பிய ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தேடினார். கிடைக்கவில்லை.

குழப்பத்தைத் தீர்த்தது ஒரு விஞ்ஞானப் பயணம். கார்ல் கூன் என்ற விலங்கியலாளரின் தலைமையில் ஆழ்கடல் உயிர்களை ஆராயச் சென்ற ஜெர்மானியக் கப்பல் வால்டிவியா, 1898 நவம்பர் 25ஆம் நாள் தீவைக் கண்டது. இடத்தை அளந்தார்கள்: 54 பாகை 26 கலை தெற்கு, 3 பாகை 24 கலை கிழக்கு. இன்றைய அளவீட்டிலிருந்து ஓரிரு கலைதான் வேறுபாடு. பூவே கண்டதும் லிண்ட்சே கண்டதும் நாரிஸ் கண்டதும் ஒரே தீவுதான் என்பது தெளிவாயிற்று.

தாம்சன் தீவு? அதை யாரும் மீண்டும் நம்பத் தகுந்தவாறு கண்டதில்லை. எரிமலை வெடித்து மூழ்கியிருக்கலாம் என்று பின்னாளில் ஒருவர் கருத்துச் சொன்னார். ஆனால் அவ்விடத்தில் கடலின் ஆழம் 2,000 மீட்டருக்கு மேல். மூழ்கிய மலையின் அடையாளம் இல்லை. நாரிஸ் பார்த்தது பனிமலையாக இருந்திருக்கலாம். பூவே விஷயத்தில் பிழையாய்ப்போன விளக்கம் இங்கே பொருந்துகிறது!

1927 டிசம்பர் முதல் நாள் நார்வேயின் நார்வேஜியா கப்பலினர் கரையேறிக் கொடி நாட்டினர். 1928 முதல் இது நார்வேக்கு உரியது. 1971இல் தீவு முழுவதையும் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள்.

கோடை வராத நிலம்

இன்னொரு கேள்விக்கு வருவோம். நிலப்படத்தில் 54 பாகை வட அட்சரேகையைப் பாருங்கள். அயர்லாந்தின் வடபகுதி அங்கேதான் இருக்கிறது. பசும்புல்லில் மாடு மேய்கிறது. அதே 54 பாகை தெற்கில் இருக்கும் பூவே தீவில் பனியாறுகள் கடலுக்குள் வந்து விழுகின்றன. சூரியன் இரண்டுக்கும் பொதுவானதுதானே?

அயர்லாந்தைக் கடல் சூடாக்குகிறது. வெப்ப மண்டலத்திலிருந்து வரும் வெந்நீரோட்டம் அதன் கரையைத் தொடுகிறது. தெற்கிலோ அண்டார்டிகாவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மாபெரும் நீரோட்டம் தடையின்றி வட்டமிடுகிறது. மறித்துத் திருப்ப அங்கே எந்தக் கண்டமும் இல்லை. வடக்கின் வெதுவெதுப்பான நீர் இந்த வட்டத்தைத் தாண்டித் தெற்கே வருவது அரிது. குளிர்நீரும் வெப்பநீரும் சந்திக்கும் எல்லை அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 50 பாகையில் ஓடுகிறது. பூவே தீவு அதற்குத் தெற்கே, குளிர்ந்த பக்கத்தில் மாட்டிக்கொண்டது. வடக்கிலிருந்து வரும் ஈரக் காற்று இந்த எல்லையைத் தாண்டிக் குளிர்நீரின் மேல் வந்ததும் அதிலுள்ள நீராவி துளிகளாக மாறி மூட்டமாகிறது. பூவேயின் கண்ணைக் கட்டியது இந்த மூட்டம்தான்.

'அப்படியானால் பூவே தீவில் கடுங்குளிர்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் -1 டிகிரி செல்சியஸ். சைபீரியாவில் 55 பாகை வடக்கில் உள்ள ஓம்ஸ்க் நகரத்தில் சனவரி மாதச் சராசரி -15 டிகிரிக்கும் கீழே போகிறது. குளிர்தான் காரணம் என்றால் ஓம்ஸ்க் அல்லவா பனியாற்றில் புதைந்திருக்க வேண்டும்? ஆனால் ஓம்ஸ்கில் சூலை மாதம் 20 டிகிரியை எட்டுகிறது. குளிர்காலம் முழுதும் சேர்ந்த பனி வசந்தத்தில் உருகி ஓடிவிடுகிறது.

பூவே தீவில் ஆண்டின் மிக வெப்பமான மாதமே உறைநிலைக்கு ஓரிரு டிகிரிதான் மேலே. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாடு ஐந்து டிகிரி அளவுதான். சுற்றிலும் கடல் அல்லவா? ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், அதே எடையுள்ள பாறைக்குத் தேவையானதைப் போல் நான்கைந்து மடங்கு. அதிலும் அங்கே ஓயாத மேல்காற்று கடலைக் கலக்கிக்கொண்டே இருப்பதால், சூரியன் மேற்பரப்பை மட்டுமன்றி ஆழமான நீரடுக்கு முழுவதையும் சூடாக்கியாக வேண்டும். அது சூடேறுவதற்குள் கோடை முடிந்துவிடுகிறது. விழும் பனி உருகும் பனியைவிட ஆண்டுதோறும் சிறிது கூடுதலாக இருந்தால் போதும். மிச்சம் சேர்ந்து இறுகிப் பனியாறாகிவிடும். பூவே தீவில் பனி நிலைப்பதற்குக் கடுங்குளிர் காரணமல்ல. கோடை இல்லாமைதான் காரணம்.

பனிக்கு அடியில்

பனிக்குக் கீழே இருப்பது எரிமலை. அட்லாண்டிக் நடுவே வடக்கு தெற்காக ஓடும் கடலடி மலைத்தொடரின் தென்முனைக்கு அருகே தீவு எழுந்திருக்கிறது. தென் அமெரிக்கத் தட்டு, ஆப்பிரிக்கத் தட்டு, அண்டார்டிகத் தட்டு ஆகிய மூன்று நிலத்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் சந்திப்பு, தீவுக்கு மேற்கே சற்றுத் தொலைவில் உள்ளது. தீவின் நடுவே பனி நிரம்பிய எரிமலை வாய். அதன் விளிம்பில் உயர்ந்த சிகரமான ஓலாவ் சிகரம், 780 மீட்டர். சில இடங்களில் நிலத்திலிருந்து ஆவி வெளிப்படுவதைக் கண்டிருக்கிறார்கள். கரை பெரும்பாலும் செங்குத்துப் பாறை, அல்லது பனிச்சுவர். படகில் வந்தவர்கள் இறங்க இடம் தேடித் திரும்பிப் போனதில் வியப்பில்லை.

1955இல் தென் ஆப்பிரிக்கக் கப்பலொன்று வானிலை நிலையம் அமைக்க இடம் பார்த்துச் சென்றது. 1958இல் வேறொரு கப்பல் வந்தபோது மேற்குக் கரையில், முன்பு இல்லாத தாழ்நிலம் ஒன்று இருந்தது! யாரும் பார்க்காத மூன்று ஆண்டுகளில் மலைச்சரிவு இடிந்து கடலில் பரவி உருவானது என்பது இன்றைய விளக்கம். அதற்கு நைரோய்சா, அதாவது புதிய கற்குவியல், என்று நார்வேஜியர் பெயரிட்டனர். பென்குவின்களும் மென்மயிர்க் கடல்நாய்களும் விரைவிலேயே அதைத் தமதாக்கிக்கொண்டன. இன்று இனப்பெருக்கக் காலத்தில் அங்கே கால் வைக்க இடம் தேட வேண்டும்.

மனிதரும் அங்கேதான் இடம் பிடித்தனர். 1996இல் நார்வே ஒரு சிறு ஆய்வுக் கூடத்தை வைத்தது. 2006இல் நிலநடுக்கம் அதன் அடித்தளத்தைத் தளர்த்திற்று. பிறகு வந்த புயல் கூடத்தையே பெயர்த்துக்கொண்டு போயிற்று. 2007 அக்டோபரில் செயற்கைக் கோள் எடுத்த படத்தைப் பார்த்தபோதுதான் கூடம் இல்லை என்பது தெரிந்தது. 2014இல் புதியது ஒன்றை அமைத்தார்கள். ஆறு பேர் சில மாதங்கள் தங்கலாம்.

அவர்கள் தீவைத் தேடி அலைவதில்லை. கப்பலிலுள்ள கருவி, தலைக்கு மேலே செல்லும் செயற்கைக் கோள்களின் அணுக் கடிகாரங்களிலிருந்து வானொலி அலைகளைப் பெற்று இடத்தைச் சில மீட்டருக்குள் சொல்லிவிடுகிறது. வானொலி அலை ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டர் செல்லும். ஆகவே இங்கேயும் கடிகாரம் பிசகினால் இடமும் பிசகும். 1739இல் பூவேயிடம் இல்லாத அதே பொருள்தான்!

உங்களிடம் கடிகாரம் இருக்கிறது. டிசம்பர் 25 அன்று, அரையாண்டு விடுமுறையில், உங்கள் ஊரின் தீர்க்கரேகையை நீங்களே அளந்து பாருங்கள். (அன்று சூரியனின் நேரமும் கடிகார நேரமும் அநேகமாக ஒத்துப்போகும், மற்ற நாட்களில் கால் மணி வரை திருத்தம் தேவைப்படும்.) வானொலி நேரத்தோடு கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். சமதரையில் ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, காலை பத்து மணியளவில் நிழலின் நுனியைத் தொடுமாறு கம்பைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து நேரத்தைக் குறியுங்கள். நிழல் குறுகி, பிறகு நீண்டு, பிற்பகலில் நுனி மீண்டும் வட்டத்தைத் தொடும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரமே உங்கள் ஊரின் நண்பகல். இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. உங்கள் நண்பகல் 12 மணிக்கு எத்தனை நிமிடம் பிந்துகிறதோ, அதை நான்கால் வகுத்து 82½இலிருந்து கழியுங்கள். பிறகு நிலப்படத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். கால் பாகை பிழை வந்தால் எங்கோ ஒரு நிமிடத்தை விட்டுவிட்டீர்கள். கம்பு சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.